குறி தவறுதா? மவுஸ் கோளாறை அறிகுறி வைத்தே பிடிக்கலாம்

கேமில் ஆளை விட்டுவிட்டுச் சுவரைச் சுட்டால் முதல் பழி மவுஸ் மேல்தான் விழும். "சென்சார் போச்சுடா மாப்ள" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே புது மவுஸ் வாங்க மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். உண்மையில் சென்சார் சாவது அபூர்வம். மேசைப் பரப்பு, செட்டிங், தூசி, சூடு, ஒயரிங் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் வேலையைக் காட்டியிருக்கும். புது மவுஸ் வாங்கினாலும் அந்தக் காரணம் மேசை மேலேயே உட்கார்ந்திருக்கும்.

மவுஸுக்கு அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. அதைத்தான் சென்சார் என்கிறோம். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு தரையில் சாய்வாக ஒளி அடிக்கும். கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுத்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று எண்ணிக்கையாக அனுப்பும். 800 டிபிஐ என்றால் ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 எண்ணிக்கை போகும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் எவ்வளவு திரும்புவது என்பதைக் கேமில் வைக்கிற சென்ஸ் (சென்சிட்டிவிட்டி) முடிவு செய்யும். இது மட்டும் தெரிந்தால் போதும், கீழே சொல்லப்போகிற எல்லாக் கோளாறும் எந்த இடத்தில் நடக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளை ஏ4 தாள், தையல்காரர் டேப், கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டு, காது பட்ஸ் இவ்வளவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது, அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு திடீர்னு பறக்குது"

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதுதான் டிபிஐ மாற்றும் பொத்தான். துடைக்கும்போதோ, பையில் போட்டு எடுக்கும்போதோ, வீட்டுக் குட்டிப்பையன் கையிலோ அது ஒருமுறை அமுங்கினால் 800 இருந்தது 1600 ஆகிவிடும். எதையும் யோசிப்பதற்கு முன் அந்தப் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தி, பழைய வேகம் வருகிறதா என்று பாருங்க. வந்தால் வேலை முடிந்தது. மவுஸின் மென்பொருளில் தேவையில்லாத டிபிஐ படிகளை அழித்து ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

கேமிங் சென்டரில் போய் விளையாடுகிறவர்களுக்கு வேறு கதை. சில மவுஸ்கள் செட்டிங்கைத் தன் உள்ளேயே சேமித்து வைக்கும். சில மவுஸ்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் மென்பொருள் ஓடினால்தான் அது நினைவுக்கு வரும். இரண்டாவது வகை என்றால் வீட்டில் ஒரு வேகம், சென்டரில் ஒரு வேகம் என்றுதான் இருக்கும். வாங்கும்போதே உள்நினைவு உண்டா என்று கேட்டு வாங்குங்க.

உங்கள் வேகத்தை மவுஸை நம்பாமல் தூரத்தில் குறித்து வைப்பதுதான் நிரந்தர வழி. கேமில் பயிற்சி மைதானத்துக்குப் போய், சுவரில் ஒரு புள்ளியைக் குறி வைத்து, மவுஸை ஒரே பக்கமாக இழுத்து, முழுச் சுற்று சுற்றி அதே புள்ளிக்கு வாங்க. எத்தனை சென்டிமீட்டர் இழுத்தீங்க என்று டேப்பில் அளங்க. அந்த எண்ணைச் சுவரிலோ போனிலோ குறித்து வைத்தால் எந்த ஊரில் எந்த மவுஸில் உட்கார்ந்தாலும் உங்கள் வேகத்துக்கு வந்துவிடலாம்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். வேலரண்ட் என்கிற சுடும் கேமில் சென்ஸ் 1 என்றால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.07 டிகிரி திரும்பும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் மாறாத கணக்காக 0.022 டிகிரி. வேலரண்ட் சென்ஸை 3.18 ஆல் பெருக்கினால் கவுண்டர் ஸ்ட்ரைக் சென்ஸ் வருவது இதனால்தான். 800 டிபிஐ, வேலரண்ட் சென்ஸ் 0.35 என்று வைத்துக்கொண்டால் ஓர் அங்குலத்துக்கு 19.6 டிகிரி. முழுச் சுற்றுக்கு 18.4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 46.7 சென்டிமீட்டர். டேப்பில் 45, 48 என்று வந்தால் கவலை வேண்டாம், நல்ல மவுஸிலும் சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 40 என்று வந்தால் பெட்டியில் 800 என்று எழுதியிருப்பது உண்மையில் 930 பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். அது கோளாறு இல்லை. சென்ஸைக் கொஞ்சம் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

"மெதுவா இழுத்தா ஒரு தூரம், வேகமா இழுத்தா வேற தூரம்"

நிறையப் பேரைப் படுத்துகிற கோளாறு இது. கண்டுபிடிப்பது மட்டும் சுலபம். மவுஸ் பேடின் இடது ஓரத்தில் ஒரு புத்தகம், வலது ஓரத்தில் ஒரு புத்தகம் வைத்து, பக்கத்தில் இருக்கிறவரை இரண்டையும் அசையாமல் பிடிக்கச் சொல்லுங்க. மவுஸை இடது புத்தகத்தில் ஒட்டி வைத்து, கேமில் சுவரில் ஒரு புள்ளியைக் குறி வையுங்க. அங்கிருந்து வலது புத்தகம் வரை ஆமை மாதிரி மெதுவாக நகர்த்துங்க. பிறகு ஒரே இழுப்பில் படாரென்று இடது புத்தகத்துக்குத் திரும்புங்க. இப்போது குறி எங்கே நிற்கிறது?

அதே புள்ளியிலோ மயிரிழை தள்ளியோ நின்றால் மவுஸும் நலம், செட்டிங்கும் நலம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

புள்ளியைத் தாண்டி இடதுபுறம் போய் நின்றால் எங்கோ வேகக்கூட்டல் இருக்கிறது. கை வேகமாகப் போனால் குறி அதைவிட வேகமாகப் போகும்படி யாரோ கணக்குப் போடுகிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் விண்டோஸ்தான். செட்டிங்ஸில் மவுஸ் பக்கத்தைத் திறந்து, கூடுதல் மவுஸ் அமைப்புகளில் 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' தாவலுக்குப் போங்க. 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு கட்டம் டிக் போட்டபடி இருக்கும். பெயரைப் பார்த்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். அது செய்வது வேகக்கூட்டல். விண்டோஸ் அதை டிக் போட்டுத்தான் தருகிறது, நாம்தான் எடுக்க வேண்டும். அதே இடத்தில் இருக்கும் வேக அளவுகோலில் மொத்தம் 11 கோடு. நடுவில் இருக்கிற 6-ஆவது கோட்டில் வையுங்க, அங்கேதான் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்ஸல் என்று நேர்க்கணக்கு.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்கள் மவுஸ் அனுப்புவதை நேரடியாக எடுத்துக்கொள்வதால் இந்த டிக் அங்கே பாதிக்காது. பழைய கேம்களிலும், ஆண்ட்ராய்டு கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர்களிலும் பாதிக்கக்கூடும். கேம் செட்டிங்கில் 'ரா இன்புட்' என்று இருந்தால் அதை ஆன் செய்யுங்க. மவுஸின் சொந்த மென்பொருளிலும் ஆக்சிலரேஷன் என்று ஒன்று ஒளிந்திருக்கலாம், அதையும் பார்த்து அணையுங்க.

புள்ளிக்கு வராமல் பாதியிலேயே நின்றுவிட்டால், அல்லது குறி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், அப்போதுதான் சென்சாரைச் சந்தேகப்படணும். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதை நொடிக்கு எத்தனை அங்குலம் என்று ஐபிஎஸ் கணக்கில் சொல்வார்கள். ஆபீஸ் வேலைக்கு விற்கிற சாதாரண மவுஸில் 30 ஐபிஎஸ் என்பது வழக்கமான அளவு, அதாவது நொடிக்கு 76 சென்டிமீட்டர். மேலே சொன்ன 46.7 சென்டிமீட்டர் வேகத்தில் விளையாடுகிறவர் பின்னால் சத்தம் கேட்டுப் பாதிச் சுற்று திரும்ப 23 சென்டிமீட்டர் இழுக்கணும். அதை 0.2 நொடியில் இழுத்தால் நொடிக்கு 115 சென்டிமீட்டர் ஆகிறது. அந்த மவுஸ் என்ன செய்யும் பாவம்? இரண்டு படத்துக்கு நடுவில் தரை அவ்வளவு நகர்ந்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

கேமிங் சென்சார்களில் நிலைமை வேறு. பிக்ஸ்ஆர்ட் என்கிற தைவான் நிறுவனம் செய்த பிஎம்டபிள்யூ 3360 சென்சாருக்கு எல்லை 250 ஐபிஎஸ், நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல். அதற்குப் பின்னால் வந்த பிஏடபிள்யூ 3395 சென்சாருக்கு 650. உங்கள் கை முதல் எல்லையையே தொடப்போவதில்லை. அதனால் 3360 வைத்திருக்கிறவர் வேகத்துக்காக மட்டும் 3395-க்குப் போவது வீண் செலவு என்பது என் கட்சி.

வேறு மவுஸ் வாங்க இப்போது வழியில்லை என்றால் சென்ஸைக் கூட்டி முழுச் சுற்றை 25 சென்டிமீட்டர் பக்கம் கொண்டுவாங்க. கை குறைவாக நகரும், எல்லைக்குள் அடங்கும். நுணுக்கம் கொஞ்சம் போகும்தான்.

"கர்சர் நடுங்குது, ஓர் இடத்துல நிக்க மாட்டேங்குது"

மவுஸை வெள்ளை ஏ4 தாளில் வைத்து ஓட்டிப் பாருங்க. தாளில் ஒழுங்காக ஓடினால் மவுஸ் மேல் தப்பில்லை, உங்கள் மேசை மேல்தான் தப்பு.

நம்ம ஊர் வீடுகளில் மவுஸுக்கு வாய்க்கிற மேசை பெரும்பாலும் வழவழப்புத்தான். சன்மைக்கா ஒட்டின மேசை, சாமி படத்தையும் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவையும் அடியில் வைத்து மேலே கண்ணாடி போட்ட மேசை, சமையலறைக்குப் போட்டதுபோக மிஞ்சின மேலூர்ப் பக்கத்து கிரானைட் பலகை. பாலிஷ் போட்ட பரப்பில் கேமரா ஒப்பிடுவதற்கு அடையாளமே கிடைக்காது. ஒளி சிதறாமல் முகம் பார்க்கிற கண்ணாடியில் பட்டதுபோல் ஒரு பக்கமாகத் தெறித்துவிடும். சாதாரண கண்ணாடியில் இன்னும் மோசம், ஒளி நேரே உள்ளே போய்விடும். பளபளப்பு கிரானைட்டில் ஒரு மூலையில் ஓடும், இன்னொரு மூலையில் குதிக்கும், ஏனென்றால் கல்லின் புள்ளிகள் இடத்துக்கு இடம் வேறு.

துணி மவுஸ் பேட் வாங்குவதுதான் முறை. அதுவரை தினசரி காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு, படம் இல்லாத சொரசொரப்புப் பக்கத்தில் ஓட்டுங்க, அது நன்றாகவே தாங்கும். படம் இருக்கிற பக்கம் வேண்டாம், அதுவும் வழவழப்பு. சுங்குடிச் சேலைத் துண்டை மடித்து விரிக்கிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் துணி மவுஸோடு சேர்ந்து நகரும். எண்ணிக்கை குறைந்துதான் போகும்.

தாளிலும் நடுங்கினால் மவுஸைத் திருப்பி லென்ஸ் குழியை டார்ச் அடித்துப் பாருங்க. ஒரு தலைமுடி அல்லது ஒரு பூனைமுடி குறுக்கே கிடந்தாலே போதும். கேமரா அசையாத முடியையும் அசைகிற தரையையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பிவிடும். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் இந்தப் புகார் கூடுதலாக வருவதில் ஆச்சரியமில்லை. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தால் காய்ந்த பொடி உதிர்ந்து மேசையில் பரவி, மவுஸ் அடியில் ஏறிவிடும். பொட்டு வையுங்க, தப்பில்லை, மானிட்டர் ஓரத்தில் வையுங்க. சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்ட பட்ஸ் போதும், உலர்ந்த பட்ஸால் ஒரு சுற்று, அவ்வளவுதான். வாயால் ஊதாதீங்க, எச்சில் திவலை லென்ஸில் காய்ந்து படலமாகிவிடும்.

டிபிஐ மிக அதிகமாக வைத்திருந்தாலும் நடுக்கம் தெரியும். 12,000 வைத்தால் கை நடுக்கமும் பரப்பின் சொரசொரப்பும் சேர்ந்து எண்ணிக்கையாகும். போட்டிகளில் ஆடுகிற பலர் 400, 800 என்று வைத்திருப்பது பழக்கத்தால் மட்டும் இல்லை.

"மவுஸைத் தொடவே இல்லை, கர்சர் தானா நகருது"

லேப்டாப்பா? சார்ஜரைப் பிடுங்குங்க. நகர்வது நின்றால் பழி மவுஸ் மேல் இல்லை, டச்பேட் மேல். டச்பேட் விரலின் மின்னூட்டத்தை வைத்து வேலை செய்கிறது. சார்ஜருக்கு எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் அந்த மின் இரைச்சலையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். லேப்டாப் உடம்பில் கை வைத்தால் சுர்ரென்று லேசாக இழுப்பதும் அதே காரணத்தால்தான். மூன்று முனை சார்ஜரை இரண்டு முனை மாற்றியில் செருகியிருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்க. மாசி வீதிகளுக்குள் இருக்கிற பழைய வீடுகளில் எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள், அல்லது உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் வறண்டு போயிருக்கும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம், அதோடு விடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்க. இது கேமுக்காக மட்டும் பார்க்கிற வேலை இல்லை.

அதுவரைக்கும் விண்டோஸ் டச்பேட் செட்டிங்கில், மவுஸ் மாட்டியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யாதபடி வைத்துக்கொள்ளலாம்.

"தூக்கி வைக்கும்போது குறி விலகிப் போகுது"

சென்டரில் கிடைக்கிற சின்ன பேடில் குறைந்த சென்ஸில் ஆடுகிறவர் பாதிச் சுற்று திரும்புவதற்குள் பேட் முடிந்துவிடும். தூக்கி மறுபடி நடுவில் வைக்கணும். தூக்கின பிறகும் சென்சார் கொஞ்ச உயரம் வரை தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் குறி விலகுகிறது. அந்த உயரத்தை லிஃப்ட் ஆஃப் தூரம் என்பார்கள்.

அளப்பதற்குப் பழைய சிடி போதும். சிடி, டிவிடி எதுவானாலும் கனம் 1.2 மில்லிமீட்டர். இரண்டு சிடியைச் சின்ன இடைவெளி விட்டு பேட் மேல் வைத்து, மவுஸின் இடது வலது ஓரங்கள் அவற்றின் மேல் ஏறும்படியும் லென்ஸ் இடைவெளிக்கு நேரே வரும்படியும் வையுங்க. முன்னும் பின்னும் அசைத்தால் கர்சர் நகர்கிறதா? நகராவிட்டால் 1.2-க்குக் கீழே, நல்லது. நகர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் இன்னொரு சிடி அடுக்கி 2.4-இல் பாருங்க. அங்கேயும் நகர்ந்தால் அதிகம். (அம்மா அப்பா கல்யாண டிவிடியை இதற்கு எடுக்காதீங்க, கீறல் விழுந்தால் மவுஸ் பிரச்சினை சின்னதாகிவிடும்.)

மென்பொருளில் லிஃப்ட் ஆஃப் அளவு இருந்தால் குறைந்ததை வையுங்க. இல்லாவிட்டால் கொஞ்சம் கனமான டெஃப்லான் பாதம் ஒட்டினால் சென்சார் தரையிலிருந்து உயர்ந்து, தூக்கினவுடன் பார்வை அறும். அளவுக்கு மீறி ஒட்டினால் தரையில் இருக்கும்போதே பார்வை தடுமாறும், ஒன்றோடு நிறுத்துங்க. இதையெல்லாம்விட 45 சென்டிமீட்டர் அகலப் பேட் ஒன்றை வாங்குவது மேல். தூக்கவே வேண்டியிருக்காது.

"மெதுவா குறி வைக்கும்போது படிப்படியா தாவுது"

டிபிஐ மிகக் குறைவு, சென்ஸ் மிக அதிகம். வேலரண்டில் 1920 பிக்ஸல் அகலத் திரையில் நடுவில் ஒரு பிக்ஸல் என்பது ஏறக்குறைய 0.075 டிகிரி. சென்ஸ் 1 வரைக்கும் ஓர் எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி, ஆக ஒரு பிக்ஸலுக்குள் அடங்கிவிடும். சென்ஸ் 3 என்று வைத்தால் 0.21 டிகிரி, ஏறக்குறைய மூன்று பிக்ஸலாகத் தாவும். தூரத்தில் தலை தெரிகிற ஆளுக்கு மூன்று பிக்ஸல் என்பது ஓர் உயிர். டிபிஐயை இரண்டு மடங்காக்கி சென்ஸைப் பாதியாக்குங்க, கையின் வேகம் அப்படியே இருக்கும், தாவல் பாதியாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, இதுல என்ன சென்சார் போட்டிருக்காங்க?"

"சென்சாரெல்லாம் சூப்பரா இருக்கும் தம்பி. 12,800 டிபிஐ. ஏழு கலர் லைட்டு எரியும், பாரு."

விலை குறைந்த மவுஸ் பலவற்றில் அந்தப் பெரிய எண் கற்பனைக் கணக்கு. சென்சார் உண்மையில் பார்ப்பது அதில் கால்பங்காக இருக்கும், மீதியைப் பெருக்கிக் காட்டுவார்கள். ஒன்று நகர்ந்தால் நாலு என்று அனுப்பினால் தாவல் குறையாது, கூடும். பெட்டியில் சென்சாரின் பெயரும் எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்க. பெயர் சொல்லாத பெட்டியில் டிபிஐ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

"நேர்க்கோடு ரொம்ப நேரா வருது" அல்லது "சாய்ஞ்சே வருது"

பெயின்ட் திறந்து கையால் குறுக்குக் கோடு இழுங்க. மனிதக் கை இழுத்த கோடு லேசாக அலைபாயும். ஸ்கேல் வைத்து இழுத்தது போல் வந்தால் 'ஆங்கிள் ஸ்னாப்பிங்' ஓடுகிறது, மென்பொருளில் அணையுங்க. சாய்ந்து வந்தால் உண்மையான ஸ்கேலை மேசையில் படுக்கவைத்து, மவுஸின் முன்விளிம்பை அதில் ஒட்டி நகர்த்துங்க. இப்போது நேராக வந்தால் சாய்வு உங்கள் முழங்கையில் இருக்கிறது. உயரம் குறைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முன்கை வில்லாகத்தான் போகும். ஒரு தலையணை போட்டு உட்காருங்க. ஸ்கேலிலும் சாய்ந்தால் சென்சார் லேசாகத் திரும்பி அமைந்திருக்கிறது. சில மென்பொருள்களில் கோணத்தைத் திருத்தலாம், இல்லாவிட்டால் கை பழகிக்கொள்ளும்.

"குறி மிதக்குது, மதியம் ஆனா கனக்குது"

மிதப்பது பெரும்பாலும் மவுஸில் இல்லை, திரையில். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படம் மாற்ற 16.7 மில்லிநொடி எடுக்கும், 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. இதில் கேம் படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற வி-சிங்க் செட்டிங்கை ஆன் செய்திருந்தால் கையசைவு திரைக்கு வர இன்னும் தாமதமாகும். முதலில் அதை அணைத்துப் பாருங்க.

மதியம் மட்டும் கனத்தால் வெயிலைப் பாருங்க. அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் லேப்டாப்புக்குள் போகிற காற்றே அனலாக இருக்கும். பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், ஃபிரேம் (நொடிக்குக் காட்டுகிற படங்களின் எண்ணிக்கை) சரியும், மவுஸ் கனப்பது போல் தோன்றும். கேமில் ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையில் போட்டுக்கொண்டு காலை, மதியம் இரண்டு நேரமும் பாருங்க. மதியம் மட்டும் விழுந்தால் ஃபேன் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டிய நேரம். லேப்டாப்பைப் பாய் மேலோ மெத்தை மேலோ வைத்து ஆடுகிற பழக்கத்தையும் விடணும்.

ஃபிரேம் விழாமல் கை மட்டும் கனத்தால் அது வியர்வை. துணிப் பேடில் உப்பும் எண்ணெயும் ஏறினால் நடுவில் ஒரு பகுதி மந்தமாகிவிடும். விளக்குத்தூணில் பார்சல் வாங்கி வந்த ஜிகர்தண்டா சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம், பாலும் சர்க்கரையும் காய்ந்து அந்த இடம் அட்டையாகிவிடும். கொஞ்சம் ஷாம்பு போட்டுக் கையால் தேய்த்து அலசுங்க. கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். கார்ப்பரேஷன் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்க. மொட்டை மாடி வெயிலில் போட்டால் அடி ரப்பர் சுருண்டுவிடும்.

மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறது என்கிற போலிங் ரேட்டும் ஒரு காரணம். 125 ஹெர்ட்ஸ் மவுஸ் 8 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் செய்தி சொல்லும், 1000 ஹெர்ட்ஸ் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் சொல்லும். 1000 போதும். 8000 என்று விற்பதைப் பழைய பிராசசரில் மாட்டினால் அந்தச் செய்திகளைக் கேட்டு முடிக்கவே அதற்கு நேரம் போதாது, மவுஸை வேகமாக அசைக்கும்போது கேம் திக்கும்.

"வயர்லெஸ் விட்டு விட்டு வருது"

முதலில் பேட்டரி. அடுத்து ரிசீவரை எங்கே செருகியிருக்கிறீங்க என்று பாருங்க. யூஎஸ்பி 3 துளையும் அதில் மாட்டிய பென்டிரைவ், ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும். மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். சிபியு பெட்டியின் பின்புறத்தில் ரிசீவரைச் செருகிவிட்டு மேசைக்கு அடியில் தள்ளிவைத்தால் இடையில் இரும்புப் பெட்டியும் வரும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு ரிசீவரை பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவாங்க. ஒயரில்லாத மவுஸுக்கு ஒயர் வாங்குவதா என்று சிரிக்கலாம், ஆனால் பாதிப் புகார் இதோடு தீரும். புளூடூத்தில் இணைத்து ஆடாதீங்க, அது ஆபீஸ் வேலைக்குத்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு முதல் அசைவு மட்டும் தாமதமானால் பவர் செட்டிங்கில் யூஎஸ்பி தூங்கப் போவதை நிறுத்துங்க.

"எதிராளி தாவுறான், சுட்டாலும் படலை"

உங்கள் பார்வை திரும்புவது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது, மும்பையில் இருக்கிற சர்வரைக் கேட்டுத் திரும்புவதில்லை. ஆக, திரும்புவது வழுக்கலாக இருந்து ஆள் மட்டும் தாவினால் நெட். திரும்புவதே திக்கினால் கம்ப்யூட்டர் அல்லது மவுஸ். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பலர் நெட் கோளாறுக்கு மவுஸ் மாற்றுகிறார்கள்.

"ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை சுடுது"

இது சென்சாரே இல்லை, பொத்தானுக்கு அடியில் இருக்கிற மைக்ரோ சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய செம்புத் தகடு. அது தேய்ந்தோ களிம்பு ஏறியோ போனால் அழுத்தும்போது ஒருமுறை தொட்டு, விலகி, மறுபடி தொடும். பாயின்டரில் ஃபைலைப் பிடித்து இழுக்கும்போது பாதியில் விழுந்துவிடுவதும் இதன் அடையாளம். மென்பொருளில் டிபவுன்ஸ் நேரம் (ஓர் அழுத்தலுக்குப் பின் அடுத்த தொடுதலைக் கண்டுகொள்ளாமல் விடுகிற நேரம்) என்று இருந்தால் சில மில்லிநொடி கூட்டிப் பாருங்க, கொஞ்ச நாள் ஓடும். வாரண்டி இருந்தால் பிரிக்காமல் கொடுத்துவிடுங்க.

வாரண்டி முடிந்திருந்தால் திருகுகள் பெரும்பாலும் பாதங்களுக்கு அடியில் இருக்கும். உரித்த பாதம் மறுபடி சரியாக ஒட்டாது, மாற்றுப் பாதம் ஒரு செட் கையில் வைத்துக்கொண்டு பிரியுங்க. சுவிட்ச் மூன்று கால்களில் நிற்கும். ஈயம் உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதியதைத் திசை மாறாமல் வைத்து சால்டர் செய்யணும். சால்டரிங் கை பழகாதவர்கள் சுவிட்சை வாங்கிக்கொண்டு ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிற யாரிடமாவது கொடுத்தால் டீ குடித்து வருவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். வலது பொத்தானின் சுவிட்சும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்க.